மெட்டு மறையும் முன்னே



சென்ற வியாழக்கிழமை மாலை நம் சபையின் இளைஞர் ஒருவர் குருமனைக்கு வந்தார். போச்சம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர். முதல் ஷிப்டை முடித்துச் சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தார். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. வீட்டிலுள்ள கணினியில் பாடலையும் குரலையும் பதிவு செய்ய வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் அது. பதினான்கு பொருட்கள்: புதிய கணினி, இரண்டு மைக்குகள், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர்கள், சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகைகள், இன்னும் பல. அத்தனையையும் மாதத் தவணையில் எடுக்கத் திட்டமிட்டிருந்தார்.

"ஐயா, இதற்காக ஜெபம் செய்யுங்கள். எல்லாம் வந்து சேர்ந்ததும் பாட ஆரம்பித்துவிடுவேன்" என்றார்.

"வந்து சேரும்வரை என்ன செய்வீர்கள், தம்பி?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் கேட்ட கேள்வி அன்றிரவு என்னிடமே திரும்பி வந்தது. அதே தவற்றை நான் செய்திருக்கிறேன். அதன் விலை என்ன என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வாரத் தியானத்தை இந்தப் பொருளைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் சபையில் ஒரு மூதாட்டி இருந்தார். நான்காம் வரிசையில், சன்னல் ஓரம், தூணுக்குப் பக்கத்தில் அமர்வார். பழைய சபையாருக்கு நினைவிருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, வாழ்க்கைப்பட்டுப் பர்கூருக்கு வந்தவர். ஒரு லெந்து கால ஆராதனை முடிந்தபின், நாங்கள் அன்று பாடிய கீர்த்தனையைத் தம் தாயார் வேறு மெட்டில் பாடுவார் என்று சொல்லி, அங்கேயே இரண்டு வரிகளைப் பாடிக் காட்டினார். நாம் வேகமாகத் தாண்டிச் செல்லும் ஓர் இடத்தில் அந்த மெட்டு இறங்கி, நின்று, பெருமூச்சு விட்டதுபோல மேலே எழுந்தது. அத்தனை ஆண்டுகள் பாடிய பாடலின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

"இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், அம்மா" என்றேன்.

"இப்பவே பாடட்டுமா, ஐயா?" என்று கேட்டார்.

நான் வேண்டாம் என்றேன். நல்ல மைக் வாங்கிய பிறகு, நல்ல அறையில், முறையாகச் செய்வோம் என்றேன். அறுப்பின் பண்டிகைக் காணிக்கை வரட்டும் என்று சபைக் குழு சொன்னது. பண்டிகைக்குப் பின் மழை வந்தது. கூரை வேலை முந்திக்கொண்டது. தை மாதத்தில் அந்த அம்மையாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. அடுத்த லெந்து காலத்துக்குள் அவரை அடக்கம் செய்தோம்.

எஞ்சியது, அவருடைய பேத்தி சமையலறையில் கைப்பேசியில் எடுத்த நாற்பது விநாடிப் பதிவு மட்டுமே. நடுவில் குக்கர் விசிலடிக்கிறது. பல்லவி முழுவதும் கேட்கிறது. சரணம் தொடங்குமுன் பதிவு முடிகிறது. அந்தப் பல்லவியை நம் பாடகர் குழு கற்றுக்கொண்டுவிட்டது. சரணத்தின் மெட்டு அந்த அம்மையாரோடு போயிற்று. அதை அறிந்த வேறொருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

பிரியமானவர்களே, சிறந்த கருவிக்காகக் காத்திருந்த போதகரைவிட, சமையலறையில் கைப்பேசியை நீட்டிய அந்தச் சிறுமியே அன்று அறிவுள்ளவளாக நடந்துகொண்டாள். வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்ய விரும்பும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இருப்பதைக் கொண்டு இந்த மாதமே தொடங்குங்கள், உங்கள் சொந்தக் குரலுக்கு முன்பாக, உங்கள் வீட்டு முதியவர்களின் குரலைப் பதிவு செய்யுங்கள்.

புத்தகத்தில் இல்லாதது

பாடல்கள்தாம் புத்தகத்தில் இருக்கின்றனவே, எதற்கு இந்த அவசரம் என்று சிலர் கேட்கலாம். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். அதன் கீழே சொற்கள் இருக்கும். மெட்டு இருக்காது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். அவருடைய பாடல்கள் பலவற்றையும் சேர்த்து, மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் ஒரு கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். அந்த முயற்சியால் சொற்கள் பிழைத்தன. மெட்டோ அன்றுமுதல் இன்றுவரை வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்குமாகவே வந்துகொண்டிருக்கிறது.

இறையியல் கல்லூரி விடுதியில் இருந்த நாட்களில் இதை நான் நேரில் கண்டேன். திருநெல்வேலி நண்பர் ஒரு விதமாகவும், தஞ்சாவூர் நண்பர் ஒரு விதமாகவும், வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர் இன்னொரு விதமாகவும் ஒரே கீர்த்தனையைப் பாடுவார்கள். எது சரியான மெட்டு என்று இரவு வெகுநேரம் வாதாடுவோம். மூன்றுமே சரி என்பது பின்னாளில்தான் புரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு ஊரின் பாடும் முறை. ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் சென்ற சுதந்தரம்.

நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் லுத்தரன் மிஷனரிகள் பணி தொடங்கியது 1895-இல். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே தமிழிலே பாடுகிறோம். சந்தையில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிற மக்களுக்கு நடுவே நம் பாட்டு வளர்ந்திருக்கிறது. எல்லைப்புற மக்களின் பாட்டில் அந்தச் சாயல்கள் கலவாமல் இருந்திருக்குமா? இன்று பெரிய நகரங்களில் பதிவான ஒரே மாதிரி மெட்டைக் கைப்பேசியில் கேட்டு, நம் பிள்ளைகள் அதையே பாடுகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் அவர்கள் கேட்பதற்கு நம் ஊரின் மெட்டையும் நாம் விட்டுச்செல்ல வேண்டாமா?

அறையில் பிறந்த வரலாறு

வீட்டு அறையில் பதிவு செய்வது தரக்குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டுதான் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். ஒரு பாட்டுக்குச் சுமார் மூன்று நிமிடங்கள். பாடி முடித்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இசைத்தட்டு அச்சாகும் இடம் ஜெர்மனி. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! அந்தப் பழக்கத்திலிருந்து நாமும் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் காலத்திலும் சான்று உண்டு. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 1989-இல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’ படத்தின் இசை அங்கிருந்துதான் பிறந்தது. அன்று அதற்குப் பெரும் பொருட்செலவு தேவைப்பட்டது. இன்று நம் மேசைமேல் இருக்கிற சாதாரணக் கணினி, பதிவு செய்வதையும் தொகுப்பதையும் பொறுத்தவரை, அந்நாள் கருவிகள் பலவற்றின் வேலையைத் தனியாகச் செய்துவிடும். ஆகவே நம்மிடம் குறைவுபடுவது கருவி அன்று என்றே நான் எண்ணுகிறேன்.

விதவையின் வீடு

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் வரும் அந்த விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன்காரன் வாசலில் நிற்கிறான். எலிசா அவளுக்கு இன்னொரு கடனை ஏற்பாடு செய்யவில்லை. அவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. பாத்திரங்களை அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கச் சொன்னார். பாத்திரம் உள்ளமட்டும் எண்ணெய் சுரந்தது.

நம் வீடுகளில் எண்ணெய் இருக்கிறது; அது நம் பெரியவர்களின் தொண்டையில் இருக்கிறது. நமக்கு வேண்டியது பாத்திரம். அதில் பெரும்பகுதியை இரவலாகவே பெறலாம். தவணைக்கு எடுக்கத் தேவையில்லை. அந்த இளைஞரின் தாளை மேசைமேல் விரித்து, நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இதில் பாதி நானே தடுமாறிக் கற்றது. மறுபாதி, பொறியியல் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது.

முதலாவது, அறை. நம் ஊர் வீடுகளில் சுவர் சிமெண்டு, தரை கிரானைட் அல்லது டைல்ஸ். கிரானைட் விளையும் மண்ணில் வாழ்கிறோம். பளபளப்பான தரை நமக்குப் பெருமை. ஆனால் குரல் அதில் பட்டுத் திரும்பி, கிணற்றுக்குள் பாடியதுபோல மைக்கில் விழும். எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் இந்தக் குறையைத் தீர்க்காது. இதற்கு மருந்து துணி. தடித்த துணி, பஞ்சு மெத்தை, ஜமக்காளம், துணிகள் நிறைந்த திறந்த அலமாரி ஆகியவை எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். பாடுகிறவரின் முதுகுப்பக்கமும் இருபுறமும் மெத்தையை நிறுத்தினாலே வேறுபாடு உடனே தெரியும். ஜவுளிக் கடைகளுக்காகவே வெளியூரார் தேடி வரும் பர்கூரில், துணிக்கா பஞ்சம்? முட்டை அட்டைகளை ஒட்டுவதால் சொல்லத்தக்க பயன் இல்லை. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. துணி அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. நெடுஞ்சாலை லாரியின் உறுமல் கதவிடுக்கு வழியாகவும் சன்னல் வழியாகவும் நுழையும். அதற்கு இடுக்குகளை அடைப்பதும், சாலைக்கு எதிர்ப்புறமுள்ள அறையைத் தேர்ந்தெடுப்பதும், நேரத்தைப் பார்த்துப் பாடுவதுமே வழி. மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி அருகில் வேண்டாம்.

இரண்டாவது, மைக். கூருணர்வுள்ள கண்டென்சர் மைக்கைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அது நன்கு அமைக்கப்பட்ட அமைதியான அறைக்கு உரியது. நம் வீட்டில் அது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியையும் சேர்த்துப் பதிவு செய்யும். அதற்கு 48 வோல்ட் மின்னழுத்தத்தையும் இன்டர்ஃபேஸ் கொடுக்க வேண்டும். ஆலயத்தில் நாம் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக்கை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பாடுவதால், குரல் பெரிதாகவும் சுற்றுப்புறச் சத்தம் சிறிதாகவும் விழும். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்னும் மைக் 1966 முதல் உலக மேடைகளில் இருந்துவருவது இவ்வகையைச் சேர்ந்ததே. ஆலயத்தின் மைக்கை வாரநாட்களில் இரவல் கேட்டால் நான் மறுக்க மாட்டேன்; ஞாயிறு காலை ஆறு மணிக்குள் திரும்ப வந்துவிட வேண்டும். மூச்சுக்காற்று மைக்கில் மோதி "பட்" என்று ஒலிக்காமல் இருக்க, எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி முன்னால் நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கின் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுக்கும் சிறிய பெட்டி. உண்மையில் பணம் கொடுத்து வாங்க வேண்டியது இது ஒன்றுதான். ஒன்று அல்லது இரண்டு மைக் வழிகள் உள்ள சிறியதே போதும். இதோடு காதை முழுவதும் மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் நல்லது. ஸ்பீக்கர்கள் பின்னால் வரட்டும்.

நான்காவது, கணினி. எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் உள்ள பழைய கணினியே ஒரு குரலுக்கும் நான்கைந்து வாத்தியங்களுக்கும் தாங்கும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. திருட்டுப் பிரதி எடுத்த மென்பொருளில் துதிப்பாடலைப் பதிவு செய்யாதீர்கள் என்று போதகனாக உங்களை வேண்டிக்கொள்கிறேன். மடிக்கணினியானால் பதிவின்போது மின்கம்பியைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டின் எர்த் இணைப்பு சரியில்லாத இடங்களில் கேட்கும் "ம்ம்" என்ற இரைச்சல் பெரும்பாலும் இதனால் அடங்கும். மின்வெட்டு பயமும் இல்லை.

ஐந்தாவது, தாமதம். பாடும்போது நம் குரலே ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்திக் கேட்டால், பாடத் தெரிந்தவரும் தாளம் தவறுவார். கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கிக்கொள்வதே காரணம். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற அளவில், ஒரு கட்டுக்கு 1024 மாதிரிகள் என்று வைத்தால் ஏறத்தாழ 23 மில்லி விநாடி தாமதம். எட்டு மீட்டர் தள்ளி நிற்கிறவரின் குரலைக் கேட்பது போன்றது. உள்ளே போகவும் வெளியே வரவும் சேர்த்தால் இன்னும் கூடும். 128 என்று குறைத்தால் 3 மில்லி விநாடிக்குள் அடங்கும். ஆகவே பதிவு செய்யும்போது குறைந்த எண்ணும், பின்னர் தொகுக்கும்போது கூடிய எண்ணும் வையுங்கள். பல இன்டர்ஃபேஸ்களில் கணினிக்குப் போகாமலே குரலை நேராகக் கேட்கும் வசதி உண்டு. இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆறாவது, அளவு. ஒலியை உச்சிவரை ஏற்றாதீர்கள். கணினியில் பூஜ்யம் என்ற கோட்டைத் தாண்டிய குரல் கிழிந்துபோகும். பிறகு யாராலும் தைக்க முடியாது. 24 பிட்டில் பதிவு செய்து, உரத்த இடத்திலும் கழித்தல் 12 டெசிபலுக்கு அருகில் நிற்கும்படி வைத்தால் அச்சமில்லை.

முதியவர் பாடும்போது

மேலே சொன்னவை எந்தப் பாடலுக்கும் பொருந்தும். பெரியவர்களைப் பதிவு செய்யும்போது வேறு சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

அவர்களை மைக்கின் முன் நிற்க வைத்து மெட்ரோனோமின் "டிக் டிக்" ஒலியைக் காதில் மாட்டாதீர்கள். அவர்கள் தாளம் மூச்சோடு போவது. சுருதியை முதலில் ஒருமுறை கேட்கச் செய்து, பின் நிறுத்திவிடுங்கள். முதல் முறை கூச்சத்தோடு பாடுவார்கள். இரண்டாம் முறை மறந்த வரி நினைவுக்கு வரும். மூன்றாம் முறைதான் பாட்டு வரும். இடையில் பேசுவார்கள்: யாரிடம் கற்றது, எந்த வீட்டுத் துக்கத்தில் பாடியது, எந்தக் கல்யாணத்தில் பாடியது என்று. பதிவை நிறுத்தாதீர்கள். பல வேளைகளில் பாட்டைவிட அந்தப் பேச்சே பெரிய சாட்சியாக இருக்கும்.

கௌஹர் ஜானின் பழக்கத்தைப் பின்பற்றி, தொடக்கத்திலேயே பாடுகிறவர் தம் பெயரையும், பிறந்த ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும், அன்றைய தேதியையும் சொல்லட்டும். கோப்பின் பெயர் அழிந்தாலும் குரலே பெயரைச் சொல்லும். சுருக்கப்படாத வேவ் கோப்பாகவே சேமியுங்கள். ஒரே மைக்கில் எடுத்த பதிவு நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி; ஐந்து நிமிடப் பாடல் நூறு சேர்ந்தாலும் 4 ஜிபிதான். ஒரு சிறிய பென் டிரைவில் நம் சபையின் பாட்டு முழுவதும் அடங்கும். ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று குருமனை அலமாரியில் இருக்கட்டும். அவர்கள் சம்மதமில்லாமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் பாடிய பாட்டை ஊருக்குக் கேட்கச் செய்வது வேறு காரியம்.

இன்னொரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டுகள்வரை உரிமை நிற்கிறது. சாஸ்திரியாரின் பாடல்கள் அனைவருக்கும் பொதுவானவை. இன்று வாழும் ஊழியர்களின் பாடல்கள் அப்படியல்ல. அனுமதி கேட்காமல் பதிவு செய்து வெளியிட்டுவிட்டு, "ஊழியத்துக்குத்தானே" என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

திருத்தப்படக் கூடாத குரல்

குரலின் சுருதியைத் தானே திருத்துகிற மென்பொருளைப் பற்றியும் என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டோ-டியூன் என்பது 1997-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட், பூமிக்கடியில் எண்ணெய் இருக்கும் இடத்தை அதிர்வலைகளைக் கொண்டு கணக்கிடும் துறையில் பணியாற்றியவர். அந்தக் கணக்கையே குரலுக்குத் திருப்பினார். வியக்கத்தக்க அறிவு. மேற்கத்திய ராகத்தில் அமைந்த ஒரு பாமாலையில், இளைஞர் ஒருவரின் குரல் ஓரிடத்தில் சறுக்கினால், அதை அளவோடு பயன்படுத்துவதை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் கீர்த்தனை வேறு. அதன் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குரல் வழுக்கிச் செல்வதும், ஒரே சுரத்தில் அசைவதும் பிழையல்ல, அதுவே பாட்டு. ஆர்மோனியக் கட்டைகளைப்போல அரைச் சுரங்களாக மட்டும் இசையை அளக்கும்படி வைத்த மென்பொருளுக்கு அந்த அசைவு பிழையாகத் தெரியும். பெருமூச்சு விட்டதுபோல எழுந்தது என்று சொன்னேனே, அந்த மூதாட்டியின் அந்த இடம்? அதை அந்த மென்பொருளிடம் கொடுத்தால் படிக்கட்டாக்கித் திருப்பித் தரும். நடுங்கும் குரலை நடுக்கத்தோடே வைத்திருங்கள். எழுபது ஆண்டுகள் பாடிய தொண்டையின் நடுக்கம் நாம் வெட்கப்படுவதற்குரியதல்ல.

கணினி வந்தால் ஆராதனை காட்சிப்பொருளாகிவிடும் என்று அஞ்சுகிற பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். முகத்தைக் காட்டுவதற்காகவே பாடும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அச்சு இயந்திரம் வந்தபோதும் இப்படிப்பட்ட அச்சம் எழுந்திருக்கலாம். அச்சு இல்லாவிட்டால் சாஸ்திரியாரின் சொற்களில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும்? கருவி யாருடைய குரலை முதலில் வாங்கிக்கொள்கிறது என்பதைக் கொண்டு அதை நிதானிப்போம். தன்னையே முதலில் பதிவு செய்கிறவனைவிட, தன் பாட்டியை முதலில் பதிவு செய்கிறவனிடம் ஒலிப்பதிவுக் கருவி பத்திரமாக இருக்கும்.

இப்போது அந்த இளைஞரின் காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். பதினான்கில் பன்னிரண்டை அடித்தோம். இன்டர்ஃபேஸும் ஹெட்ஃபோனும் மட்டும் மிஞ்சின. கையிலிருந்த பணத்திலேயே வாங்கினார். அறைக்கு வழி சொன்னவர் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நம் சபை மூப்பர். கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கில் நான்கு பக்கமும் கூரைவரை துணிக்கட்டுகள். அங்கே கைதட்டினால் ஒலி தட்டிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவு நல்ல ஒலிப்பதிவு அறை இத்தனை நாள் நம் நடுவிலேயே இருந்திருக்கிறது!

சனிக்கிழமை இரவு, கடை அடைத்தபின், அந்த இளைஞர் தம் பெரியப்பாவை அழைத்துவந்தார். கிரானைட் பாலிஷ் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். காது சற்று மந்தம். அதனால் உரக்கப் பாடினார். மூன்றாம் முறையில் கண்களை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "எங்கம்மா இன்னும் ரெண்டு பாட்டு பாடுவாங்க. அதையும் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

இந்த முறை நான் காத்திருக்கச் சொல்லவில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்கள். அவர்கள் பாடுகிற, நீங்கள் முழுவதும் கற்றுக்கொள்ளாத பாட்டு எது? கிடங்கின் சாவி மூப்பரிடம் இருக்கிறது. மைக் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் இரவு ஒன்பது மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்களே வருகிறோம். அறைக்கு வேண்டிய மெத்தையை நீங்கள் தாருங்கள். அதுவும் இயலாவிட்டால் கைப்பேசியையாவது எடுத்து, சரணம் முடியும்வரை நிறுத்தாமல் வைத்திருங்கள்.

நமக்கு முன்னே பாடினவர்களின் பாட்டை நமக்குப் பின்னே வருகிறவர்களின் செவியில் சேர்க்கும் கிருபையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்
பர்கூர்